லாமாவின் காதடியில் ஓடிய நாடி

அந்தச் சனிக்கிழமை காலை குகன் ஒக்லாந்தின் ஹில்ஸ்பரோவில் இருந்த என் வீட்டுக்கு வந்தபோது, அவருடைய காரில் ஐஸ் நிரப்பிய மீன்பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஒரு லாமாவின் தலை. முதல்நாள் அவருடைய கத்தியின் கீழே இறந்த மிருகம் அது.

எண்பதுகளின் பிற்பகுதி. ஒட்டக இனத்தைச் சேர்ந்த லாமாக்கள் நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பக்கம் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. நாயையும் மாட்டையும் அறிந்த மிருக வைத்தியர்களுக்கு இது புது உடல். நான் ஓர் உடற்கூற்று ஆய்வுகூடத்தில் பணிபுரிந்தேன். இறந்த உறுப்புகளின் நாடிகள் என்னும் இரத்தக் குழாய்களில் சிவப்புச் சாயமிட்ட இறப்பர்ப்பாலை ஏற்றி, அது இறுகியபின் தசையை நீக்கி, இரத்தம் ஓடிய வழியை மாணவருக்குக் காட்டுவது என் வேலை.

குகன் யாழ்ப்பாணத்தவர், தற்காலிகத் தொழில் அனுமதியில் பணிபுரிந்த இளம் மிருக வைத்தியர். லாமாவின் வலது காதுக் குழாயில் ஆழமாகச் சீழ் கட்டியிருந்தது. அதை வெட்டி எடுக்கும்போது இரத்தம் பீறிட்டது; எங்கிருந்து என்று கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் சகோதரிக்கும் அதே நோய். அதற்கு வரும் வியாழக்கிழமை சத்திரசிகிச்சை. அதற்குமுன் காரணம் தெரியவேண்டும் என்று சொல்லி, உரிமையாளர் ஜோன் அம்மையாரே தலையை எடுத்துப்போக அனுமதித்திருந்தார்.

"நாடி இருக்கக்கூடாத இடத்தில இருந்திருக்கும், அக்கா. பிறவியிலேயே அப்பிடி எண்டு ஒரு குறிப்பு எழுதித் தந்தால் போதும்."

"முதல்ல பாப்பம், தம்பி."

மேலாளரிடம் தொலைபேசியில் அனுமதி பெற்றுக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனோம். கழுத்து நாடிகள் வழியாக இறப்பர்ப்பாலை மெதுவாக ஏற்றினேன். இடது காதின் பின்புறத்தில் சிவப்பு மூன்று கிளைகளாக மேலேறியது. வலது பக்கம் தையல்களுக்கிடையே கசிந்து மேசையில் சொட்டியது. குகன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கள் பின்னேரம், இறுகிய தலையை இருவரும் திறந்தோம். உமிழ்நீர்ச் சுரப்பியின் அடியிலிருந்து நாடி காதடிக்கு ஏறும் இடம் இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. காதுக் குழாயின் குருத்தெலும்பை ஒட்டியே கத்தி போகவேண்டும் என்பது நாய்களில் அவர் நன்றாகப் பழகிய விதி. இங்கே வலது பக்கத்தில் கத்தி ஒரு தீக்குச்சி அகலம் விலகி ஆழத்துக்குப் போயிருந்தது. அவரே இடுக்கியால் இரு பக்கமும் அளந்து பார்த்தார்.

"ரெண்டும் ஒண்டுதான், என்ன?"

"ஓம்."

"இதை விலகின நாடி எண்டு எழுதேலாதோ, அக்கா? வேற லாமாவை ஆர் இங்க வெட்டிப் பாத்திருக்கினம்?"

கைகழுவும்போது அந்த வாக்கியத்தை நானும் மனதுக்குள் ஒருமுறை எழுதிப் பார்த்திருந்தேன். மறுப்பதற்கு ஆள் இல்லை. அவருடைய தொழில் அனுமதியும் தப்பும்.

"எழுதலாம். எழுதினால் வியாழக்கிழமையும் நீர் இதே இடத்திலதான் வெட்டுவீர்."

அவர் நெடுநேரம் இடுக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஜோன் அம்மையாரிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். வேறு வைத்தியரைத் தேடுவதானால் இந்தத் தலையை அந்த வைத்தியரிடம் கொடுக்கும்படியும் கேட்டுக்கொண்டார். அம்மையார் மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லை. தலையைப் பார்க்கவேண்டும் என்றார். ஆய்வுகூடத்துக்கு வந்து, வெட்டுப்படாத இடது காதின் நுனியில் விரலை வைத்தபடி நின்றார். பிறகு, வியாழக்கிழமை எத்தனை மணிக்குக் கொண்டுவரவேண்டும் என்று குகனிடம் கேட்டார்.

வியாழக்கிழமை, என் தயாரிப்பான அந்தத் தலை சத்திரசிகிச்சை மேசையின் அருகே இருந்தது. மயிர் மழித்த தோலில் நாடித்துடிப்பை விரலால் தேடி மையால் கோடிட்டார் குகன். கத்தி குருத்தெலும்பை விட்டு நகரவில்லை. சகோதரி பிழைத்தது. ஆனால் காதுக் குழாயை ஒட்டி ஓடும் நரம்பு நோயிலோ வெட்டிலோ பழுதுபட்டு, அந்தக் காது பின்னர் நிமிரவேயில்லை. அதையும் அவர் அம்மையாரிடம் மறைக்கவில்லை.

எங்கள் தயாரிப்புகளில் ஒட்டும் சீட்டில் இனம், பக்கம், சாயம், தயாரித்தவர் பெயர் ஆகியவை இருக்கும். இந்தச் சீட்டில் குகன் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: "வலது நாடி வழமையான இடத்தில், வெட்டு விலகியது." கீழே என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினார்.

ஓய்வு பெறும்வரை புதிதாக வந்த உதவியாளர்களிடம் அந்தச் சீட்டைத்தான் முதலில் வாசிக்கக் கொடுத்தேன். நாம் எழுதும் ஒரு வரியை நம்பி இன்னோர் உயிரின்மேல் கத்தி வைப்பார்கள் என்பதை அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.