அவர் தமிழில் சொல்லாதது

என் கணவர் வடக்கிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் பையில் இரண்டு பொதி பனங்கட்டி வெல்லம் இருக்கும். ஒன்றை என் கையில் தருவார். மற்றதை வெளியே எடுக்கவே மாட்டார். மறுநாள் விடிந்ததும் தன் சப்பாத்தைத் தானே மினுக்கி, ஸ்திரி போட்ட சேர்ட்டை உடுத்து, அந்தப் பொதியோடு இரத்தோட்டை பஸ் ஏறிவிடுவார். மாதக்கணக்கில் காத்திருந்த நான் வாசலில் நின்று அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தந்ததைவிட அந்தப் பொதி பெரிதாக இருப்பதாகவே ஒவ்வொரு முறையும் தோன்றும்.

யுத்த காலத்தில் அவர் அரசாங்கப் படையில் மேஜர். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குக் கீழே இருந்த சிப்பாய்கள் எல்லோரும் சிங்கள இளைஞர்கள். அவர்களுக்கு நடுவே தமிழ் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்த ஒருநாள், “தமிழ் பேசுற நமக்கு அங்க என்ன வேல?” என்று, அவர் ‘நானா’, அதாவது அண்ணன், என்று அழைக்கிற சொந்தக்காரர் ஒருவர் கேட்டாராம். “நான் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன் நானா. இனி மாத்த ஏலாது” என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு வந்தார். வீட்டிலும் அப்படித்தான். என்னை ‘நீங்க’ என்றுதான் அழைப்பார். நான் உட்காராமல் சோற்றில் கை வைக்க மாட்டார். குறை சொல்ல இடமே தராத மனிதரோடு, பொறாமையை வைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு சிரமம் என்று எனக்குத்தான் தெரியும்.

பனங்கட்டி போனது லொக்கு அம்மாவுக்கு. சிங்களத்தில் பெரியம்மா என்று அர்த்தம்; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவருடைய ஒரே மகன் என் கணவரின் பிரிவில் சிப்பாயாக இருந்தவன். இவருக்குப் பக்கத்தில் நின்றபோதே ஷெல் விழுந்து இறந்துபோனான். அந்தத் தாயைப் போய்ப் பார்ப்பது நியாயம் என்று ஆரம்பத்தில் நானும் நினைத்தேன். ஆனால் வருடங்கள் போயும் அந்தப் பயணம் நிற்கவில்லை. லீவின் முதல் முழு நாள் என்னுடையதாக ஒருபோதும் இருந்ததில்லை. லொக்கு அம்மா இளம் பெண்ணாக இருந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். என் மாமியார் வயதுள்ள ஒருத்தியோடு எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது?

ஒரு தடவை நானும் கூடவே போனேன். இரத்தோட்டைக்கு மேலே, மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவில் சின்ன வீடு. பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் கொடுத்தார். கை கழுவப் பின்பக்கம் போய்த் திரும்பினேன். என் கணவர் தாழ்ந்த பலகையில் குனிந்து உட்கார்ந்து, தோள்கள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். அழுகையில் எனக்குச் சொற்கள் பிடிபடாதபடி சிங்களத்தில் எதையோ கொட்டிக்கொண்டிருந்தார். லொக்கு அம்மா அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் பேச்சு நின்றது. தன் உம்மாவின் ஜனாஸாவை அடக்கிய அன்றுகூடக் கண் கலங்காதவர் அவர். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. அந்தத் தலையைத் தடவிய கைமேல் ஆத்திரம் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேவிட்டேன். “எனக்கு முன்னுக்கு ஒரு சொட்டு கண்ணீர் விடாத மனுசன், அங்க போய் அழுறீங்களே, ஏன்?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “உங்களுக்குச் சொல்றதுன்னா தமிழ்லதானே சொல்லணும்” என்றார்.

எனக்கு அது சாக்காகத்தான் பட்டது. எனக்கும் சிங்களம் தெரியும், எங்கள் மிளகுக் கடைக்கு வருகிறவர்களோடு அதில்தான் பேசுவேன். வீடு வரும்வரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

யுத்தம் முடிந்தது. ஓய்வு பெற்று வந்த பிறகும் மாதம் ஒருமுறை இரத்தோட்டைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். போன வருடம் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியபோது தமிழ் மட்டுமே வந்தது. வாழ்நாளில் பாதி பேசிய சிங்களம் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை, கேட்டாலும் விளங்கவில்லை. சிலருக்கு இப்படி நேர்வதுண்டு என்றார் டாக்டர். எல்லோரும் வருந்தினார்கள். எனக்கோ, உண்மையைச் சொன்னால், அவர் முழுதாக என் கைக்கு வந்துவிட்டதைப் போல இருந்தது.

லொக்கு அம்மா பஸ் ஏறி வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து அவர் பேசப் பேச, என் கணவர் திகைத்துப் பார்த்தார். பிறகு, “கொஞ்சம் விடுங்கோ ஐயா, பிள்ளைக்குச் சரியான காய்ச்சல்” என்றார்.  அது எங்கள் பேச்சே அல்ல. வடக்கில் பேசுகிற தமிழ்.

“என்ன சொல்றார் மகளே?” என்று லொக்கு அம்மா கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“அந்தப் பொம்பள சொன்னது அது” என்றார். என் கணவர் தன்னிடம் அழுது சொன்னதை எனக்குச் சொன்னார். கண்ணிவெடி அகற்றும்வரை பாதையில் யாரையும் விடக்கூடாது என்பது கட்டளை. கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் கெஞ்சினாள். “என்ன சொல்றாள் சேர்?” என்று பக்கத்தில் நின்ற லொக்கு அம்மாவின் மகன் கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் மேஜர். பாதை திறந்தபோது குழந்தை உயிரோடு இல்லை.

“அவள் சொன்னத மகன்கிட்ட மறைச்சிட்டேன்னு என்கிட்ட சொல்லிச் சொல்லி அழுவார். ஆனா அவள் தமிழ்ல என்ன சொல்லால, எப்படிக் கேட்டாள்னு எனக்குத் தெரியாது. இன்னொருக்கா சொல்லச் சொல்லு மகளே.”

நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவரே திரும்பவும் சொன்னார், அதே குரலில். என்னோடு சோறு தின்ற, பிள்ளைகளைக் கொஞ்சிய தமிழுக்குள் அந்தப் பெண்ணின் குரலை வர விடாமல்தான் இத்தனை காலம் தடுத்து வைத்திருந்திருக்கிறார். பஸ்ஸில் அவர் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

விளங்கியும் பொறாமை போகவில்லை. அவர் சுமந்ததை எனக்கு முன்னால் இன்னொருத்தி சுமந்திருக்கிறாள். லொக்கு அம்மா இப்போதும் வருகிறார். என் கணவர் வாயைத் திறந்ததும், லொக்கு அம்மா அவரைப் பார்க்காமல், நான் சிங்களத்தில் சொல்வதற்காக என் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார். வாசலில் நின்று அந்தப் பையைப் பார்த்தபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.