எனக்குப் பிடித்த படமும் பக்கத்து வீட்டுப் பெண்ணும்

எங்கள் பக்கத்து வீட்டுத் திவ்யாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வருவதற்கு முன், அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எங்கள் நாமக்கல் பக்கத்து வழக்கம். திருச்செங்கோட்டிலிருந்து வந்த ஓர் அம்மா என்னிடம், "புள்ள எப்படிங்க?" என்று கேட்டார்.

"நல்ல புள்ளதானுங்க. வாய்தான் கொஞ்சம் நீளமுங்க" என்றேன்.

அவர்கள் அப்புறம் வரவே இல்லை. திவ்யாவின் அம்மா என்னிடமே வந்து அழுதார். நானும் ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்துப் பெண்களைப் பற்றிய பழைய படம் ஒன்றை டிவியில் போட்டார்கள். சிறு வயதிலிருந்தே எனக்கு அந்தப் படம் என்றால் உயிர். மகளோடு உட்கார்ந்து பார்த்தபோது திவ்யாவும் வந்து சேர்ந்துகொண்டாள்.

கதாநாயகி முன்கோபக்காரி. பொய்யும் சொல்வாள். ஆனால் தலைமையாசிரியர் தவறு செய்தாலும் நேருக்கு நேர் கேட்டுவிடுவாள்.

"அம்மா, இவ நம்ம திவ்யாக்கா மாதிரியே பேசறா" என்றாள் என் மகள்.

திவ்யா சிரித்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கதாநாயகி தோழியிடம் தன் தவற்றை ஒப்புக்கொள்ளும் காட்சி வந்ததும், காபி போடுவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் யார் விசாரிக்க வந்தாலும், "அந்தப் புள்ளகிட்டயே பேசிப் பாருங்க" என்று அனுப்பிவிடுகிறேன். ஆனால் வாய் நீளம் என்று அவளைச் சொன்ன எனக்கு, அவளிடம் உண்மையைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.