அன்னக்கூடைக்குள் ஒரு சேவல்

கழுத்தை நீட்ட முடியாத சேவலின் தொண்டையில் ஒரு சத்தம் எழும். அது கூவலும் இல்லை, முனகலும் இல்லை. அடைத்துக்கிடந்த தெருக்குழாயில் தண்ணீர் வரப்போகிற நேரத்தில் காற்று முட்டிக்கொண்டு வருமே, ஏறக்குறைய அப்படி. என் ஒன்பதாவது வயதில், கத்திரி வெயில் தொடங்கியிருந்த ஒரு சித்திரைக் காலையில், எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தஞ்சாவூரில், கோட்டை அகழிக்கு உட்புறமாக, வடக்கு அலங்கத்தில் இருந்தோம். தெருப்பக்கம் பார்த்தால் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும், கொல்லைப்பக்கம் போனால் ஒரு முருங்கை, ஒரு துவைக்கிற கல், அதைத் தாண்டி அடுத்த வீட்டு ஜன்னல், அவ்வளவுதான் இடம். அந்த இடத்துக்குள்தான் அம்மா நான்கு கோழி வளர்த்தாள். ஒரு கோழி முட்டையிட்டுவிட்டுக் கேறினால் நான்கு வீட்டுக்குச் சேதி போகும். பக்கத்து வீட்டுக்காரர் கோவிந்தராஜ் மாமா, "உங்க வீட்டுல முட்டை ஒண்ணுதான் போடுது, விளம்பரம் ஒம்பது ஊருக்குக் குடுக்குது" என்பார். எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள். சண்டை வந்தாலும் முதலில் பழமொழிகள்தான் முட்டிக்கொள்ளும், மனிதர்கள் பிறகுதான்.

சேவல் வந்தது என்னால். அதற்கு முந்தின ஐப்பசி அடைமழையில் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன். அந்தப் பதினோரு நாளில் எனக்கு நினைவிருப்பது இரண்டே முகங்கள்தான். ஒன்று அம்மா. இன்னொன்று செல்வராணி சிஸ்டர். வேதாரண்யத்துப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்த குடும்பத்துப் பெண் அவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து, முதன்முதலாகச் சம்பளம் வாங்கியவர். என் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, "உப்பளத்துல எங்கம்மா காலு வெந்துகிடக்கும் பாப்பா, அதுக்கு இதெல்லாம் ஒரு சூடா?" என்று என்னோடு பேசிக்கொண்டே இருப்பார்.

ஏழாம் நாள் காய்ச்சல் ஏறி நான் பிதற்றத் தொடங்கியபோது, அம்மா வார்டுக்கு வெளியே போய் நின்று வெண்ணாற்றங்கரையில் இருக்கும் எங்கள் குலசாமி முனியய்யாவுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். நேர்ந்ததோடு விடவில்லை. பயத்தில் ஒரு வார்த்தையைக் கூடச் சேர்த்துவிட்டாள்: அது என் கைச்சோறு தின்று வளர்ந்து, வருகிற ஆடிப் படையலுக்கு வந்து நிற்கும் என்று. நேர்ந்துவிட்ட உயிரை விற்கக்கூடாது, அடிக்கக்கூடாது, ஊனம் வரக்கூடாது; எங்கள் பக்கத்தில் இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கைச்சோறும் சேர்ந்துகொண்டதால் அதை ஊருக்கு அனுப்பவும் வழியில்லாமல் போயிற்று. தினமும் ஒரு பிடி சோறு என் கையால் அது தின்ன வேண்டும்.

நான் பிழைத்து வீட்டுக்கு வந்தேன். சிஸ்டருக்கு என்ன செய்வது என்று அம்மாவுக்குப் புரியவில்லை. புடவை கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். தங்க இடம் சரியில்லாமல் தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறார் என்று தெரிந்ததும், கோவிந்தராஜ் மாமா வீட்டுக் கொல்லை அறையை அம்மா பேசிப் பிடித்துக் கொடுத்தாள். தை பிறந்ததும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் "சிஸ்டரக்கா". அந்த அறையின் ஒரே ஜன்னல் எங்கள் கொல்லையைப் பார்த்து இருந்தது. நன்றி சொல்லக் கூட்டிவந்தவரை அம்மா கொண்டுபோய் அந்த ஜன்னலருகே வைத்தாள். அதற்கு நேர் கீழே சேவல் வளர்ந்துகொண்டிருந்தது.

மாசி வரைக்கும் அது கீச்கீச்சென்று இருந்தது. பங்குனியில் குரல் உடைந்தது. அதன் பிறகு அதற்கு விடியல் என்றும் உச்சி என்றும் கணக்கே இல்லை. அகழிப் பக்கம் எந்தச் சேவல் கூவினாலும் பதில் சொல்லும். தாளிக்கிற சத்தத்துக்குக் கூவும், சைக்கிள் மணிக்குக் கூவும். "கோழி கூவித்தான் பொழுது விடியணுமா? உங்க சேவலுக்கு மட்டும் நாளைக்கு நாப்பது தடவை விடியுதே!" என்றார் மாமா. தெரு சிரித்தது. சிஸ்டரக்காவும் சேர்ந்துதான் சிரித்தார்.

அந்தக் கோடையில் அவருக்கு ராத்திரி டூட்டியாகவே விழுந்தது. கைக்குழந்தைக்காரிகளான மற்ற சிஸ்டர்களுக்காக அவர்தான் கேட்டு மாற்றிக்கொண்டார். காலை எட்டரைக்கு வந்து குளித்து, ஒரு வாய் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பார். ஒன்பது ஐந்துக்குச் சேவல் கூவும். ஜன்னலில் துணி அடைத்துப் பார்த்தார். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். ஒருநாள் தயங்கித் தயங்கி, "அக்கா, ஆடி வரைக்கும் அத வேற எங்கயாவது வெச்சிக்க முடியாதா?" என்று கேட்டார். அம்மா கைச்சோற்று வேண்டுதலைச் சொன்னாள்.

சித்திரை மாதம் ஒரு காலை, முழங்கையில் கட்டோடு வந்தார். அகழிப் பாலத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே கண் செருகி விழுந்திருக்கிறார். மஞ்சள் அரைத்துக்கொண்டு ஓடிய அம்மாவிடம், குழாயடியில் நின்று, குரலை உயர்த்தாமல் அவர் சொன்னதை நான் முருங்கைக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

"விழுந்தது பரவால்லக்கா. ராத்திரி ஊசி போடறப்ப கை நடுங்குது. கண்ணாடிக் குப்பில எழுதியிருக்கறது ரெண்டு ரெண்டா தெரியுது. யாரு புள்ளைக்காவது ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

 அம்மா அழுதுகொண்டே, "நான் என்ன பண்ணுவேன் ராணி. எம்புள்ள உசுரு அது கழுத்துலல்ல இருக்கு" என்றாள்.

ஒன்பது வயதுப் பிள்ளை இந்த இரண்டு பேச்சையும் ஒரே நேரத்தில் கேட்டால் என்ன செய்யும்? என் உயிர் அந்தச் சேவலின் கழுத்தில் இருக்கிறது என்பதை முழுக்க நம்பினேன். வார்டில் என்னைப் போலக் கிடக்கிற இன்னொரு பிள்ளையையும் நினைத்துக்கொண்டேன். அதோடு மாமா எப்போதோ விளையாட்டாகச் சொன்னது நினைவுக்கு வந்தது: "சேவல் கழுத்த நீட்டினாத்தான் கூவ முடியும். தலைக்கு மேல கூரையத் தாழ்த்திடு, ஊமையாயிடும்."

கோழி கவிழ்க்கிற பஞ்சாரம் உயரம். அதற்குள் சேவல் நிமிர்ந்து நிற்கும். ஆகவே மறுநாள் காலை, சோறு எடுக்கிற அலுமினிய அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கிழக்கு மதிலின் நிழல் கொல்லை பாதிக்கு மேல் விழுந்திருந்தது. சேவலுக்குக் கைச்சோறு கொடுத்தேன், தின்னும்போதே கூடையைக் கவிழ்த்தேன், தள்ளிவிடாதபடி மேலே அம்மிக்குழவியை வைத்தேன். மூச்சு முட்டக்கூடாதே என்று விளிம்புக்கு அடியில் ஓர் ஓட்டுச்சில்லும் சொருகினேன். அவ்வளவு யோசித்திருக்கிறேன். நிழல் நகரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

உள்ளே அந்தச் சத்தம் இரண்டு மூன்று முறை முட்டியது, பிறகு அடங்கியது. சிஸ்டரக்காவின் ஜன்னல் ஒரு பாதி திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, மெல்லச் சாத்திக்கொண்டது. நான் வெற்றிபெற்றவளைப் போல வீட்டுக்குள் போய், கூடத்துச் சிமெண்டுத் தரையில் படுத்தேன். கொல்லை அவ்வளவு நிசப்தமாக இருந்து நான் அறிந்ததே இல்லை. அந்த நிசப்தத்தில் நானும் தூங்கிப்போனேன்.

எழுந்தபோது அம்மா கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். மண்ணெண்ணெய்க் கேன் சாய்ந்து கிடந்தது. நிழல் எப்போதோ மதிலோடு மதிலாக ஏறிப்போய்விட்டிருந்தது, கூடையைத் தொட்ட அம்மாவின் விரல்கள் சிவந்திருந்தன. சேவல் அலகு திறந்தபடி கிடந்தது. அதன் செம்மண் நிற இறகில் ஒரு கலைவுகூட இல்லை.

அவள் என்னை அடிப்பாள் என்று நின்றேன். ஓடிவந்தவள் புறங்கையை என் நெற்றியில் வைத்தாள். கழுத்தில் வைத்தாள். வயிற்றில் வைத்தாள். அதற்குப் பிறகுதான், "ஏன்டி மூடுன?" என்று கேட்டாள்.

"சிஸ்டரக்கா தூங்கட்டும்னு."

அம்மா அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். அது சாத்தியே இருந்தது. தாழ்ந்த குரலில், "இத அவகிட்ட சொல்லிடாத. சொன்னா, இன்னைக்குத் தூங்குன தூக்கம் அவ ஒடம்புல ஒட்டாது" என்றாள்.

நான்கு மணிக்கு, பல நாள் கழித்துத் தெளிந்த முகத்தோடு சிஸ்டரக்கா வந்தார். "என்னக்கா, உங்க சேவலுக்கு இன்னைக்கு லீவா?" என்று வாசற்படியிலேயே கேட்டவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். "வெயில் தாங்கல ராணி" என்றாள் அம்மா.  தூக்கம் தெளிந்த அந்த முகம் என் கண்ணெதிரே மறுபடியும் இருண்டது.

அப்பா ஊருக்குப் போய்ப் பூசாரியைக் கேட்டுவந்தார். வேறொரு சேவல் வாங்கி விடலாம், முனியய்யா கோபிக்க மாட்டார் என்று சொன்ன பூசாரி, பேச்சோடு பேச்சாக, "ஆடி வரைக்கும் புள்ளையப் பாத்துக்குங்க" என்றும் சொல்லியிருந்தார். சாதாரணமாகச் சொன்னதுதான். அம்மாவுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் தும்மினால் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிடுவாள். எனக்கும் உள்ளுக்குள் தெரிந்தே இருந்தது, என் கழுத்தின் மேலேயே நான் கூடையைக் கவிழ்த்துவிட்டேன் என்று.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டரக்கா, ஒரு நாள் காலை எட்டரைக்கு வந்தவர், தன் அறைக்குப் போகவில்லை. வெள்ளைப் புடவையோடு நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து, என்னை உட்காரவைத்து, வெப்பமானியை உதறி அக்குளில் வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அடுப்படியை நோக்கி, "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுக்கா. நார்மல்!" என்று உரக்கச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா உலையை ஏற்றினாள்.

அதற்கு மறுநாளும் வந்தார். ஆடிப் படையல் முடிகிற வரை, காலை டூட்டி வந்தால் போகும்போது, ராத்திரி டூட்டி என்றால் வரும்போது, ஒரு நாள் தவறாமல் வந்தார். கொல்லையில் சேவல் கூவாத அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டுக்குப் பொழுது விடிந்தது அவருடைய "நார்மல்" என்ற குரலில்தான். ஆடியில் வேறொரு சேவல் போய் முனியய்யா முன்னால் நின்றது. அடுத்த வருஷம் சிஸ்டரக்கா மாற்றலாகி நாகப்பட்டினம் போனார். அம்மா அதன் பிறகு கோழியே வளர்க்கவில்லை.

அம்மா சொன்ன சொல்லை நான் முப்பது வருஷத்துக்கும் மேல் காப்பாற்றினேன். சென்ற வருஷம் அம்மா போனாள். அந்தச் சேதியைச் சொல்ல வேதாரண்யம் போனேன். சிஸ்டரக்கா பணி ஓய்வு பெற்று, அங்கே அண்ணன் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். நரைத்த தலையோடு வாசலுக்கு வந்தவர் என்னை அடையாளம் கண்டதும் முதலில் செய்தது, என் நெற்றியில் புறங்கை வைத்ததுதான். அழுது முடித்த பிறகு, அம்மா இல்லை, இனி மறைத்து என்ன என்று நினைத்து, அன்னக்கூடையைப் பற்றிச் சொன்னேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் பாத்தேன் பாப்பா" என்றார். "ஜன்னலத் தொறந்தேன்ல. கூடையும் தெரிஞ்சுது, மேல குழவியும் தெரிஞ்சுது. வெயிலு கூடை விளிம்பத் தொட வந்திருந்துச்சு. எந்திரிச்சுப் போயி நெழலுக்கு நகத்தி வெச்சிருந்தா ஒரு நிமிஷ வேலை. கண்ண மூடி அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போவோம்னு படுத்தேன். நாலு மணிக்குத்தான் முழிச்சேன்."

பிறகு, "அந்தத் தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல" என்றார். சிஸ்டரக்காவுக்காக அம்மா வாயை மூடினாள், அம்மாவுக்காக சிஸ்டரக்கா வாயை மூடினார், நான் இரண்டு பேருக்காகவும். ஒரு மதில்தான் நடுவில்.

வடக்கு அலங்கத்தில் இன்று அந்த வீடுகள் இல்லை. கொல்லையை எடுத்துப் பின்சுவர் வரைக்கும் கட்டிவிட்டார்கள். ஜன்னல்கள் இருக்கின்றன, ஏசி ஓடுவதால் திறப்பதில்லை. நான் இப்போது ஊருக்கு வெளியே ஒரு புதிய நகரில் இருக்கிறேன். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில், வயல்வேலையை விட்டு நகரத்துக்கு வந்த ஒரு குடும்பம், மூன்று கோழியும் ஒரு சேவலும் வைத்திருக்கிறது. போன மாதம் நகரின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பற்றி நாற்பது செய்திகள் வந்தன. ஒருவரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ஒரு பழமொழிகூட அதில் இல்லை. மாநகராட்சிக்குக் கொடுக்க மனு ஒன்று எழுதி, என்னிடமும் கையெழுத்துக்கு வந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

நேற்றுக் காலையிலிருந்து அந்தச் சேவல் கூவவில்லை. குழுவில் யாரோ கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மணி பத்தேகால். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த வீட்டுப் பின்பக்கம் நிழல் எதுவரை இருக்கிறது என்று பார்க்கப் போனேன்.