மீடியம் அக்காவின் ராச்சாப்பாடு

அந்தத் தையல் கம்பெனியில் அவளுக்கு வேலை நிற்பது. கட்டிங் மாஸ்டர் புதிதாகத் தைத்த கோட்டை அவளுக்கு மாட்டிவிட்டு ஊசி குத்திச் சரிபார்த்து முடிக்கிறவரை, கூன் போடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அவள் உடம்புதான் கம்பெனியின் மீடியம். ஸ்மாலும் லார்ஜும் அவளிடமிருந்துதான் குறையும், கூடும். அதனால் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் ‘மீடியம் அக்கா’. முதலாளி அவளைவிட மூத்தவர். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பொத்தான் மெஷின்காரி காதைக் கடித்தாள். “உனக்கு முன்னாடி நின்னவ ஒரு சுத்து பெருத்தா. அனுப்பிட்டாங்க.” போதாதா? அன்று ராத்திரியே அவள் சாப்பாட்டை விட்டாள். ஒரு டம்ளர் வெந்நீர், அவ்வளவுதான். கேட்டால் பசிக்கவில்லை என்பாள். பச்சைப் பொய். பசி வயிற்றைக் கிள்ளும், புரண்டு படுப்பாள். வருஷங்கள் ஓடின, இடுப்பு மட்டும் அப்படியே இருந்தது.

மகளுக்கு ஒரு பேங்கில் கவுன்ட்டர் வேலை கிடைத்தது. அங்கே கோட்டு போட்டாக வேண்டும். கடையில் வாங்கியது அம்மாவின் கம்பெனிக் கோட்டுதான், மீடியம்தான். நெஞ்சுப் பொத்தான் மட்டும் சேரவில்லை. மேனேஜர் இரண்டு முறை, “பொத்தானைப் போடும்மா” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி மகள் தட்டைத் தள்ளிவிட்டு வெந்நீர் வைத்தாள்.

“ஏன்டி, கோட்டுக்காக உடம்பா, உடம்புக்காகக் கோட்டா?”

“கோட்டு சரியாத்தான் இருக்கு. என் உடம்புதான் தப்பு.”

“வாயை மூடு. சாப்பிடு.”

“அதை நீ சொல்றியா? நீ ராத்திரி சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லையேம்மா.”

“எனக்கு அது பொழப்புடி.”

“எனக்கும் இது பொழப்புதான்.”

மகள் பிடிவாதக்காரி, அம்மா சாப்பிட்டால்தான் சாப்பிடுவாள். கடைசியில் இரண்டு தட்டு வந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினாள். மறுநாளும் சாப்பிட்டாள். ருசி கண்ட வயிறு, சும்மா இருக்குமா?

சில மாதம் கழித்து அடுத்த சீசன் கோட்டு தயாரானது. மாஸ்டர் அவளுக்கு மாட்டிப் பார்த்தார். பொத்தான் துளைக்குப் பக்கத்திலேயே வரவில்லை. மாஸ்டர் அவளை ஒரு சுற்று சுற்றி வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தாள்.

“யாருய்யா இதை வெட்டினது? மீடியத்துக்கே பத்தலையே!”

வெட்டினவர், அளவு பழையதுதான் என்று சத்தியம் செய்தார். யார் கேட்டார்கள்?

“கோட்டு மேல தப்பில்ல மாஸ்டர்,” என்றாள் அவள். “நான் ராத்திரி சாப்பிட ஆரம்பிச்சுட்டேன்.”

“எல்லாரும்தான் சாப்பிடுறோம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உனக்குச் சேரலன்னா கோட்டுதான் தப்பு. இங்க எப்பவும் அப்படித்தானே?”

“அப்ப எனக்கு முன்னாடி நின்னவ?”

“அவளா? நின்னு நின்னு கால் வலிக்குதுன்னு போயி சொந்தமா கடை போட்டுட்டா.”

அவள் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அத்தனை வருஷத்து ராச்சாப்பாட்டுக்கு ஒருத்தி எவ்வளவு அழ முடியும்? முடிந்தமட்டும் அழுதாள். சாப்பாட்டு மணி அடித்தது. முகம் கழுவிக்கொண்டு போய்ச் சாப்பிட்டாள்.

அவள் அளவுக்குத் திருத்தி வெட்டிய புதுக் கோட்டு கடைக்கு வந்ததும் மகளைக் கூட்டிப்போனாள். போட்டுப் பார்க்கும் அறைகளிலிருந்து வெளியே வந்த பெண்களெல்லாம் கண்ணாடி முன்னால் பூரித்துக்கொண்டிருந்தார்கள். மகளும் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள்.

“அம்மா, பாரேன்! நான் இளைச்சுட்டேன்!”

“நீ இளைக்கலடி,” என்றாள் அம்மா. “நான் சாப்பிட்டேன்.”