ஜும்பெருக்கு லைசென்ஸ் போன கதை

எங்கள் தெருவில் ஜும்பெரை வெறுத்தவர் யாரும் கிடையாது. ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரனைப் பற்றி, அதுவும் பழைய காலத்துப் போலீஸ்காரனைப் பற்றி, ஜார்ஜியாவில் இப்படிச் சொல்ல முடிவதே பெரிய விஷயம். குத்தாயிசி நகரத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட தடியோடு நிற்பான். தடி உயர்ந்தால் லாரி நிற்கும். எதற்கு நிறுத்தினாய் என்று டிரைவர் கேட்க மாட்டான், ஜும்பெரும் சொல்ல மாட்டான். லைசென்ஸுக்குள் மடித்து வைத்த நோட்டு கை மாறும், இருவரும் குடும்ப நலம் விசாரித்துக்கொள்வார்கள், லாரி போய்விடும். தர்பூசணி லாரி வந்தால் நோட்டுக்குப் பதில் தர்பூசணி. அன்று தெருவே தர்பூசணி தின்னும். எனக்கு அந்த நெடுஞ்சாலை ஓரத்தில்தான் பஞ்சர் கடை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன், தர்பூசணியும் தின்றுகொண்டே இருந்தேன்.

அவனுக்குச் சம்பளம் ஒழுங்காக வந்ததே இல்லை. வாங்கியதில் பாதி மேலே போகும், மேலே இருப்பவன் அதற்கும் மேலே அனுப்புவான். ஆனாலும் ஜும்பெருக்கு மனசு தாராளம். கல்யாணமோ காரியமோ, விருந்து மேசைக்கு அவன்தான் தலைவன். அவன் எழுந்து வாழ்த்துச் சொல்லி முடிக்கும்வரை யாரும் கோப்பையைத் தொட முடியாது. அவன் சொல்கிற வாழ்த்தைக் கேட்டால் கல்லுக்கும் கண் கலங்கும், சாப்பாடும் ஆறிப்போகும்.

பிறகு நாட்டுக்குப் புதுத் தலைவர் வந்தார். இளைஞர், வெளிநாட்டில் படித்தவர், ஊழலை ஒழிப்பேன் என்றார். இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம் என்று நான் ரேடியோவை அணைத்துவிட்டு ட்யூபை ஒட்டப் போனேன். நாட்டைத் தனியாளாகத் திருத்துகிறேன் என்று கிளம்புகிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனால் இந்த மனுஷன் ஒரே நாளில் நாட்டில் இருந்த போக்குவரத்துப் போலீஸ் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நல்லவன் கெட்டவன் விசாரணையெல்லாம் இல்லை. எல்லோரும் போ.

புதுப் போலீஸ் வரும்வரை சாலையில் ஒரு காக்கை கூட நிற்கவில்லை. ஜும்பெர் தினமும் என் கடைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சாலையைப் பார்ப்பான்.

"எங்கேயாவது இடிச்சுக்கிட்டாங்களாடா?" என்று கேட்பான்.

"இல்ல."

"நேத்து?"

"நேத்தும் இல்லடா. வண்டியெல்லாம் முன்னைவிட ஒழுங்கா போகுது."

அது அவனுக்கு வலித்தது. இத்தனை வருஷம் வெயிலில் நின்றது வீண் என்றால் யாருக்குத்தான் வலிக்காது. ஆனால் அந்தக் குளிர்காலம் கரண்ட் போகவே இல்லை. அதற்கு முன் மெழுகுவத்தியோடு பிறந்து மெழுகுவத்தியோடு வளர்ந்த பிள்ளைகள் ராத்திரியில் தெருவிளக்கைப் பார்த்து நின்றார்கள். ஜும்பெர் கட்சி மாறிவிட்டான்.

"ஆளு சரியான ஆளுடா, அமிரான்," என்றான் என்னிடம். "திருடன் அத்தனை பேரையும் ஒரே நாள்ல தூக்கிட்டான் பாரு."

"அதுல நீயும் இருந்தியே?"

"அவசரத்துல ஒவ்வொருத்தனா பிரிச்சுப் பாக்க முடியுமா? எனக்கு வருத்தமில்ல."

அப்போதே எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் நாடு திருந்த வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து ஆரம்பித்தால் போதும்.

ஜும்பெர் பசுவையும் கொஞ்சம் திராட்சைத் தோட்டத்தையும் விற்று ஒரு பழைய வேன் வாங்கி, எங்கள் ஊருக்கும் குத்தாயிசிக்கும் ஆள் ஏற்றி ஓட்டினான். வருமானம் என்றால் அது ஒன்றுதான். அவன் மனைவி தோதோ வேனுக்குத் திரைச்சீலை தைத்துப் போட்டாள். பிழைப்பு நடந்தது.

இந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு ரொட்டிக்கடைக்காரரின் மகள் தம்தா புதுப் போலீஸில் சேர்ந்தாள். ஜும்பெர்தான் அவளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்றவன் அவன். எங்கள் ஊரில் அந்த உறவு ரத்த உறவுக்கு ஒரு படி மேல். வேலை கிடைத்த செய்தி வந்ததும் ஊரே அவள் அப்பாவைச் சூழ்ந்துகொண்டது.

"யாருக்குக் குடுத்தீங்க? எங்க பையனுக்கும் சொல்லுங்களேன்."

"நானும் குடுத்துப் பாத்தேன்யா," என்றார் அவர் பரிதாபமாக. "வாங்க மாட்டேங்கிறாங்க. பரீட்சை எழுதித்தான் உள்ள போயிருக்கா."

யாரும் நம்பவில்லை. ஜும்பெர் மட்டும் பூரித்துப்போய் அவளுக்கு விருந்து வைத்தான். கோப்பையைத் தூக்கிப் பிடித்து, "சட்டத்துக்கு உறவு கிடையாது, மகளே. உன் பேனா யாருக்கும் வளையக் கூடாது," என்று ஒரு வாழ்த்துச் சொன்னான் பாருங்கள், நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று குடித்தோம். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறு வருஷம் ஈஸ்டர் திங்கள். அன்று ஊரே மலைமேல் கல்லறைக்குப் போகும். செத்தவர்களுக்குச் சிவப்பு முட்டை உருட்டி, கல்லறை மேல் கொஞ்சம் மது ஊற்றி, மீதியை உயிரோடு இருப்பவர்கள் குடிக்க வேண்டும். பக்கத்துக் கல்லறைக்காரர் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது, அது செத்தவரை அவமதிப்பது. செத்தவர்களில் ஜும்பெருக்கு எதிரியே கிடையாது. ஒரு கல்லறை விடாமல் போய் நின்று வாழ்த்துச் சொல்லி, ஒவ்வொன்றிலும் குடித்தான். மாலையாவதற்கு முன்பே நாங்கள் அவனுடைய பழைய லாடா காரில் மலையிலிருந்து இறங்கினோம். அவன் ஓட்டினான், நான் முன்னால், தோதோ பின்னால் மீதி முட்டைக் கூடையோடு. சீட் பெல்ட் போடவில்லை. போட்டால் ஓட்டுகிறவனை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

மலையடிவாரத்தில் போலீஸ் கார் நின்றது. கையைக் காட்டி எங்களை நிறுத்தியவள் தம்தா. கொஞ்சம் தள்ளி, தலைநகரிலிருந்து வந்த ஒரு நெட்டைப் போலீஸ்காரன் மார்பில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிறிஸ்து உயிர்த்தார்," என்றான் ஜும்பெர், ஜன்னல் வழியே மலர்ந்த முகத்தோடு.

"மெய்யாகவே உயிர்த்தார்," என்றாள் தம்தா. போலீஸானாலும் அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "லைசென்ஸ் காட்டுங்க, பெரியப்பா," என்றாள்.

ஜும்பெர் நீட்டினான். அப்போதுதான் நான் பார்த்தேன். லைசென்ஸுக்குள் ஒரு நோட்டு மடிந்திருந்தது. அவன் வேண்டுமென்று வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக லைசென்ஸ் என்றால் இப்படித்தான் கை மாறும் என்று பார்த்த கை, தானாக அப்படிச் செய்துவிட்டது. புதுச் சட்டத்தில் அதற்கு ஜெயில். எனக்குக் குடித்ததெல்லாம் இறங்கிவிட்டது.

தம்தாவும் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. நெட்டையன் நின்ற பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, "பெரியப்பா, உங்க காசு இதுல ஒட்டிக்கிட்டிருக்கு. எடுத்துப் பையில வைங்க," என்றாள். ஜும்பெர் எடுத்து வைத்துக்கொண்டான். அந்த அளவுக்கு அவள் வளைந்தாள். அதற்கு மேல் வளையவில்லை. ஊதுகிற கருவியை நீட்டினாள்.

"என்னையா ஊதச் சொல்றே?"

"ஆமா, பெரியப்பா."

"கல்லறையில குடிக்காம வர முடியுமா? உன் தாத்தா கல்லறையிலயும்தான் குடிச்சேன்."

"தெரியும். நடந்து வந்திருக்கலாமே."

அதற்குள் மேலிருந்து வந்த கார்களெல்லாம் பின்னால் வரிசையாக நின்றுவிட்டன. ஆளாளுக்கு இறங்கி வந்தார்கள். உன்னைத் தூக்கிச் சுமந்த கைம்மா அது என்றார் ஒருவர். உங்கப்பன் ரொட்டியில உப்புப் போட்டுத்தானே வளர்த்தான் என்றார் இன்னொருவர். லைசென்ஸ் போனால் வேன் நின்றுவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், தம்தாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். கடைசியில் பின்சீட்டிலிருந்து தோதோதான் பேசினாள்.

"ஊதித் தொலைய்யா. நீ குடிச்சது ஊருக்கே தெரியும், அந்த மெஷினுக்குத் தெரிஞ்சா என்ன குறைஞ்சுடும்?"

ஊதினான். தம்தா எழுதினாள். கண்ணீர் வழிந்து தாளில் விழ, புறங்கையால் துடைத்துத் துடைத்து எழுதினாள். ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாது.

ஜும்பெர் அன்றே மறுபடி கட்சி மாறினான். தலைவனும் சரியில்லை, கரண்டும் ஒன்றும் அப்படி வெளிச்சமாக இல்லை. "அவ என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது," என்றான். தம்தாவின் அம்மா கேக் சுட்டு எடுத்துவந்தபோது உள்ளேயே இருந்துகொண்டான். தெருவில் பாதிப் பேர் தூரத்துக் கடையில் ரொட்டி வாங்கினார்கள். அந்த ரொட்டி ரப்பர் மாதிரி இருந்தது, ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே என்று நானும் அதையே மென்றேன்.

வேன் முற்றத்தில் சும்மா நின்றது. தோதோ ஒரு மாசம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தானே ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். ஜும்பெர் அந்தக் காலத்தில் லைசென்ஸ் வாங்கியது ஒரு பன்றிக்குட்டி கொடுத்து. பரீட்சையா, அதெல்லாம் அவன் கேள்விப்பட்டதே இல்லை. தோதோ இரண்டு முறை தோற்றாள், திரும்பவும் போனாள், ஜெயித்தாள். ஒரு கோழி முட்டைகூடக் கொடுக்கவில்லை. நாட்டைத் திருத்த முடியாது என்று சொல்லித் திரிந்த எனக்கு, அன்று அவள் வேனை ரிவர்ஸ் எடுத்ததைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

அதிலிருந்து தோதோ ஓட்டினாள், ஜும்பெர் பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட் காசு வாங்கினான்.

"பிரேக்க அமுக்கு. வளைவு வருது."

"வளைவு எனக்கும் தெரியுது. நீ சில்லறையைக் கவனி."

பயணிகளுக்கு அது பிடித்துப்போனது. வேறு வேன் காலியாக நின்றாலும் இதற்காகக் காத்திருந்தார்கள்.

இலையுதிர் காலத்தில், திராட்சை பறித்து முடித்த சமயம், என் கடைக்கு எதிரே ஒரு கறுப்பு ஜீப் எகிறி வந்தது. சந்தைக்கு வந்த ஒரு கிழவியின் வண்டியை உரசிக்கொண்டு போனது. அன்று அங்கே பணியில் நின்ற தம்தா விசில் ஊதி மறித்து நிறுத்தினாள். இறங்கியவனை எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தலைவரின் ஆட்களில் ஒரு பெரிய புள்ளிக்கு மைத்துனன். அதை அவனே இறங்கும்போதே சொல்லிவிட்டான். குடித்த வாடை என் கடைவரை வந்தது.

அவன் போனில் யாரையோ கூப்பிட்டுப் பேசிவிட்டு, அதை அவள் காதில் வைத்தான். அவள் கேட்டுக்கொண்டாள்.

"சரிங்க சார்," என்றாள். "முதல்ல ஊதட்டும்."

அவன் சிரித்தான். இந்த முறை அவளோடு வந்திருந்த போலீஸ்காரன் கார் டயரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தான். அவள் எழுதினாள். நான் என் கடை வாசலிலேயே நின்றேன். ஓடிப்போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது, போகவில்லை.

அடுத்த வாரமே அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். காரணம் ஒழுங்கீனமாம்.

நான் சாயங்காலமே ஜும்பெரின் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷம் நான் சொன்னது பலித்த சந்தோஷம் எனக்கு, அதை ஏன் மறைக்க வேண்டும். "பாத்தியாடா உன் தலைவனோட சீர்திருத்தம்? உன் லைசென்ஸைப் பிடுங்கற வரைக்கும்தான் கை நீளம். அவனோட ஆளுங்க வந்ததும் கை சுருங்கிப்போச்சு. நாடு திருந்துதாம்."

ஜும்பெர் எழுந்தான். கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். தெருவைக் கடந்து ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினான். நானும் தோதோவும் பின்னாலேயே போனோம். அடுக்களை மேசையில் தம்தா வாதுமைக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவன் உட்காரவில்லை.

"அவனை நிறுத்துனியாமே?"

"நிறுத்துனேன், பெரியப்பா."

"ஊதச் சொன்னியா?"

"சொன்னேன். மாட்டேன்னான்."

"எழுதினியா?"

"எழுதினேன்."

"என்னை எழுதறப்போ அழுதியே. அவனை எழுதறப்போ?"

"அழல. அவன் எனக்கு யாரு?"

ஜும்பெர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். வாதுமைக்கொட்டை ஒன்றை எடுத்தான், உடைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். இத்தனை விருந்துகளில் எத்தனையோ வாழ்த்துச் சொன்னவனுக்கு அன்று வந்தது ஒரே வரிதான்.

"அப்ப என் லைசென்ஸ் போனது சரிதான்," என்றான்.