ஒரு குளிர்காலத்துக்கு மட்டும்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வெஸ்ட் ஈலிங் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றோம்: நான், என் மனைவியின் தம்பி சிவம், அவனுடைய மகள் அபி. யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு மாதமாகச் சிவம் வீட்டு விருந்தாளி. போகும் இடம் ஒன்பது மைல் தள்ளி, தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள ஒரு திரையரங்கு. கொரியாவின் பேர்பெற்ற இயக்குநர் ஒருவர் தன் புதிய படத்தோடு நேரில் வருகிறார். டிக்கெட் ஆளுக்குப் பதினெட்டுப் பவுண். வாங்கியவள் அபி.

படம் எடுக்கும் ஒருவரைத் தகப்பன் நேரில் பார்க்கட்டும் என்றுதான் வாங்கினாள். மருந்தாளர் வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்கப் போகிறாள், திங்கட்கிழமை ராஜினாமா. "வேலையை விட்டால் வேறை வீடு பார்" என்று சிவம் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தகப்பனும் மகளும் என் மூலமாகவே பேசிக்கொண்டார்கள். கச்சேரியில் இதற்கு 'உரிய வழியூடாக' என்று பெயர்.

எலிசபெத் லைன் ரயில் சுத்தமாக, சத்தமில்லாமல் ஓடியது. அபி கைபேசியில் இயக்குநரின் வரலாற்றைக் காட்டினாள். சேவைப் பதிவேட்டைப் படிப்பதுபோல் படித்தேன். முதல் படம் ஒரு கிழமையில் தியேட்டரை விட்டு ஓடியது. அடுத்த மூன்று ஆண்டு வெற்றிடம். இரண்டாவது படத்தை விமர்சகர்கள் மெச்சினார்கள், சனம் போகவில்லை. மூன்றாவதிலிருந்து விருது மேல் விருது. எங்கள் திணைக்களத்தில் இந்த மனிதர் தகுதிகாண் காலத்தையே தாண்டியிருக்க மாட்டார்.

"அத்தான், அந்த மூண்டு வருசமும் என்ன செய்தவராம்?" என்று சிவம் என்னைக் கேட்டான்.

"அது போடேல்லை, மாமா," என்று அபி எனக்குச் சொன்னாள்.

டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்கி பஸ் பிடித்தோம். ஒன்றே முக்கால் பவுண். வாட்டர்லூ பாலத்தில் ஏறியதும் நதி இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் விரிந்தது. அபி ஒரு பக்கமும் சிவம் மறுபக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படம் இரண்டு மணி நேரம். ஒரு மீன்சந்தை, ஒரு பொய், விடாத மழை. சிவம் நித்திரை கொள்ளவில்லை. அவனை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விமர்சனம் தேவையில்லை.

பிறகு இயக்குநர் மேடைக்கு வந்தார். அறுபதைத் தாண்டிய, மெலிந்த, கூச்சமுள்ள மனிதர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். ஆளுக்கு ஒரு கேள்வி, சுருக்கமாக, சொற்பொழிவு வேண்டாம் என்று கூட்டத்தை நடத்தியவர் கேட்டுக்கொண்டார். தெளிவான சுற்றறிக்கை. ஆனால் சிவம் பழைய மாணவர் சங்கத்தின் முன்னாள் தலைவர். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் பூட்டி, தலைவரை விளித்து, விருந்தினரை விளித்து, மொழிபெயர்ப்பாளரை விளித்து, சபைக்கு வணக்கமும் சொன்னான், எல்லாம் ஆங்கிலத்தில். அபி தலையைக் குனிந்துகொண்டாள். கேள்வி ஏதும் உண்டா என்று மேடையிலிருந்து கேட்டார்கள்.

உண்டு என்றான். முதல் படம் படுத்த பிறகு நீங்கள் யாருடைய வீட்டில் இருந்தீர்கள்?

சபை சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சிவம் இருந்த பக்கம் பார்த்தே பதில் சொன்னார். அக்காவுக்கு ஒரு சலவைக் கடை இருந்ததாம். அதன் மேல்மாடி அறையில் ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் இருக்கச் சொன்னாளாம். மூன்று குளிர்காலம் இருந்தாராம். முதலாவது முடிந்தபோது இன்னும் இருக்கலாமா என்று அவரும் கேட்கவில்லை, போ என்று அவளும் சொல்லவில்லை. இரண்டாவது படத்தை அங்கேதான் எழுதினாராம்.

சிவம் நன்றி சொல்ல மறந்து உட்கார்ந்தான். ஒரு கூட்டத்தில் அவன் நன்றியுரையைத் தவறவிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

வெளியே குளிர் இறங்கியிருந்தது. பஸ் தரிப்பில் நின்றோம். பிறகு சிவம் என்னைத் தாண்டி நேரே மகளைப் பார்த்தான்.

"ஒரு வின்ரருக்கு இரு."

அபி கேட்டாள். "அதுக்குப் பிறகு, அப்பா?"

"அதை அந்த மனுசன் கேக்கேல்லை எண்டுதானே சொன்னவர். நீயும் கேக்காதை."

எங்கள் ஊர் அலுவலகங்களில் காலநீடிப்பு வேண்டுமென்றால், தவணை முடிய முன்பே விண்ணப்பிக்க வேண்டும். காரணம் காட்ட வேண்டும். மேலதிகாரியின் சிபாரிசு வேண்டும். விண்ணப்பமே இல்லாமல், தவணை தொடங்க முன்னரே காலநீடிப்பு வழங்கப்பட்டதை என் சேவைக்காலத்தில் கண்டதில்லை. செல்லுபடியாகுமா என்று கேட்டிருந்தால் ஆகாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. பஸ் வந்தது. அவர்கள் இருவரும் ஒரே இருக்கையில் அமர்ந்தார்கள். நான் பின்னால் போய் இருந்தேன்.