சிவப்பு எழுத்தை ஒழித்த கதை

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்த ஆபீஸில் நான் மூன்று வருஷம் குப்பை கொட்டினேன். ஒரகடம் பக்கம் புதிது புதிதாக ஃபேக்டரிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவற்றுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஆள் சேர்த்து அனுப்புவது எங்கள் முதலாளியின் தொழில். அதற்கு முன் அவர் செங்கல் சூளைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அப்போது ஊரில் அவரை மேஸ்திரி என்றார்கள். ஃபேக்டரிக்கு அனுப்பத் தொடங்கியதும் கன்சல்டன்ட் என்று தனக்குத் தானே கார்டு அடித்துக்கொண்டார்.

எனக்கும் ஒரு கார்டு அடித்துக் கொடுத்தார். சீனியர் வெப் டிசைனர். ஜூனியர் என்று அங்கே ஈ காக்கை கிடையாது. காஞ்சிபுரத்தில் ஒரு டியூட்டோரியலின் மாடிப்படிக்கு அடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு வருஷ டிப்ளமா முடித்திருந்தேன், அவ்வளவுதான் என் சீனியாரிட்டி. ஆனால் அந்த ஒரு வருஷம் எனக்குள் ஏற்றிவிட்ட கர்வம் இருக்கிறதே, அது கொஞ்சநஞ்சமல்ல. மவுஸை இரண்டு கையாலும் பிடிக்கும் முதலாளியைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். பிளாஸ்டிக் கவரில் ஜெராக்ஸ் காப்பிகளை வைத்துக்கொண்டு படியேறி வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பட்டியலில் பேர் இருக்கிறதா என்பதை ‘எம் பேரு கீதா சார்?’ என்று கேட்கும் பெண்களைப் பார்த்தால் அதைவிட இளக்காரம்.

இந்தக் கேள்வி தாங்காமல்தான் வெப்சைட் வந்தது. இன்டர்வியூ ஃபேக்டரியில் நடக்கும். யார் தேறினார்கள், எந்தத் தேதியில் சேர வேண்டும், கம்பெனி பஸ் எந்த ஊரில் நின்று ஏற்றிக்கொள்ளும் என்பதையெல்லாம் அங்கே ஒரு ஆபீசர் பட்டியலாகப் போடுவார். முதலில் ஃபேக்ஸில் வந்துகொண்டிருந்தது. பிறகு அவர் இன்டர்நெட்டிலேயே எக்ஸெல் மாதிரி ஒரு கணக்குத்தாளைத் திறந்து, அங்கேயும் இங்கேயும் ஒரே நேரத்தில் பார்க்கும்படி வைத்துவிட்டார். அந்தத் தாளை நம் வெப்சைட்டோடு ஒட்டிவிடு என்று எனக்கு உத்தரவு. ஒட்டினேன். பெண்கள் அவரவர் பதிவு எண்ணைக் கட்டத்தில் போட்டுத் தட்டினால் எங்கள் சர்வர் ஓடிப்போய் அந்தத் தாளைக் கொண்டுவந்து, அதில் அந்த எண்ணைத் தேடி, பெயரையும் தேதியையும் பஸ் நிற்கும் இடத்தையும் காட்டும்.

ஒட்டிய விதம்தான் மட்டமான விதம். ஒவ்வொருத்தி தட்டும்போதும் சர்வர் முழுத் தாளையும் முதலிலிருந்து இழுத்து வர வேண்டும். பத்துப் பேர் தட்டினால் பத்துத் தடவை. அந்தத் தாளோ லேசுப்பட்டதில்லை. இரண்டு வருஷத்தில் வந்தவர், போனவர், தேறாதவர் எல்லோரும் அதில் இருந்தார்கள். பழையதை வேறு தாளுக்கு மாற்றலாம் என்று சொன்னேன். முதலாளி கேட்கவில்லை. யாராவது பெரிய மனிதர் ஆபீசுக்கு வந்தால் மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி, பெயர்கள் ஓடிக்கொண்டே இருப்பதைக் காட்டுவதில் அவருக்கு ஒரு சுகம். வந்தவரும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். அந்தச் சுகத்துக்காக ஒரு வரியைக்கூட அழிக்க விடவில்லை.

நாங்கள் வைத்திருந்ததோ இருப்பதிலேயே மலிவான சர்வர். முப்பது நொடி காத்திருக்கும், தாள் வந்து சேரவில்லையென்றால் கையை விரித்துவிடும். டைம் அவுட் என்பது அதுதான். சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. பட்டியல் வருகிற நாளில் மானாம்பதியிலிருந்தும் மாகறலிலிருந்தும் திருமுக்கூடலிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டரில் வரிசை கட்டி நிற்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டுவார்கள். பக்கம் சுற்றிச் சுற்றி, கடைசியில் சிவப்பு எழுத்தில் நாலு வரி இங்கிலீஷ் வந்து விழும்.

அந்தச் சென்டரை நடத்தியவர் ஒரு பாய். பஜாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். ஒரு பட்டியல் நாளன்று காலையில் ஆபீசுக்கு போன் செய்தார். “இன்னாபா உங்க சைட்டு? செவப்பா என்னமோ வருது. நாஷ்டா கூட துன்னாம வந்து நின்னுக்கினு கீதுங்க, எல்லாம் என்னக் கேக்குதுங்க. பெரிய பேஜாரா கீது.”

முதலாளி பதறிவிட்டார். வரிசையில் நிற்பவர்களுக்காகப் பதறியிருப்பார் என்று நினைத்தால் நீங்கள் அவரை அறியாதவர். அன்று பதினோரு மணிக்கு ஃபேக்டரி ஆபீசர் எங்கள் ஆபீசுக்கு வருவதாக இருந்தார். அவர் முன்னால் சைட்டைத் திறந்து காட்டும்போது சிவப்பு எழுத்து வந்தால் மானம் போய்விடும். அதுதான் கவலை. சரியாக வேலை செய்யும்படி மாற்ற ஒரு மத்தியானம் வேண்டும் என்றேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

“நைனா, அது வேலை செய்யுதோ இல்லியோ, அந்தச் செவப்பு எழுத்து என் கண்ணுல படக்கூடாது.”

படாமல் செய்வது ரொம்பச் சுலபம். தாள் வரவில்லையென்றால் வாயை மூடிக்கொண்டு இரு என்று சர்வருக்கு ஒரே ஒரு வரி. எழுதிச் சேர்த்தேன். தட்டிப் பார்த்தேன். சிவப்பு போய்விட்டது. ஆனால் தாள் வராதபோது தேடுவதற்கு ஒன்றும் இல்லை. தேடி எதுவும் கிடைக்காவிட்டால் காட்டுவதற்கென்று நான் முன்பே எழுதி வைத்திருந்த வாக்கியம் வந்து நின்றது, நல்ல தமிழில், நீல நிறத்தில்: தங்கள் பெயர் தேர்வுப் பட்டியலில் இல்லை.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். இது தப்பாயிற்றே என்று ஒரு கணம் கை நின்றது. அடுத்த கணமே, மூளை உள்ளவள் இன்னொரு தடவை தட்டிப் பார்ப்பாள், மூளை இல்லாதவளுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு மணிக்கு ஆபீசர் வந்தார். முதலாளி பக்கத்தைத் திறந்து காட்டினார். முகப்பில் அவருடைய கோட்டு போட்ட போட்டோ நன்றாகத் தெரிந்தது. எனக்கும் டீயும் தட்டுவடையும் வந்தன.

சரியான வேலையைப் பத்து நாள் கழித்துத்தான் செய்தேன். அரை மணிக்கு ஒரு தடவை சர்வர் தானாகவே போய், இந்த மாதப் பெயர்களை மட்டும் எடுத்துவந்து தன்னிடமே ஒரு நகல் வைத்துக்கொள்ளும். யார் தட்டினாலும் அந்த நகலிலிருந்து காட்டும். தாள் வராவிட்டால் பழைய நகலையே, அது எத்தனை மணிக்கு எடுத்தது என்ற குறிப்போடு காட்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன், நாலரை மணிக்கு முடிந்துவிட்டது. பத்து நாள் ஏன் தள்ளிப்போட்டேன் என்றால், யாரும் கேட்கவில்லை, அதனால்தான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மாகறலிலிருந்து ஒரு பெண் வந்தாள். பிளஸ் டூ முடித்தவள். கால் நகங்களில் சேற்றுக் கறை போகாமல் இருந்தது. வேலைக்குப் பதிந்தவர்களின் ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் ஆபீஸ் வழக்கம், வேறு ஏஜெண்டிடம் போய்விடக் கூடாது என்பதற்காக. அதைத் திரும்ப வாங்கத்தான் வந்திருந்தாள். எதற்கு என்று கேட்டேன். சும்மா, வூட்டுல வெச்சிக்கலாம்னு என்றாள்.

ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று பார்க்க அவள் எண்ணைத் தாளில் தேடினேன். வந்தது. பெயர். தேர்வு. சேர வேண்டிய தேதி. பஸ் நிற்கும் இடம் மாகறல் கூட்ரோடு. கடைசிக் கட்டத்தில் ஃபேக்டரி ஆபீசர் போட்டிருந்த குறிப்பு: சேர வரவில்லை, இடம் அடுத்தவருக்குக் கொடுக்கப்பட்டது.

பட்டியல் நாளன்று பாய் சென்டரில் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது, அவள் மேல். ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், பிறகு குத்துக்கல் மாதிரி இங்கே வந்து நிற்பார்கள். இன்னொரு தடவை தட்டிப் பார்த்தால் விரலா தேய்ந்துவிடும் என்று கேட்டேவிட்டேன்.

“ரெண்டு தபா பாத்தன் சார். பாய் கூட இன்னொரு தபா அவரே போட்டுப் பாத்தாரு. மூணு தபாவும் இல்லன்னுதான் வந்துச்சி. இன்டர்வியூல செலெக்ட்டுன்னாங்க சார், அதான் ஒரு சந்தேகம். அன்னிலருந்து நடவுக்குப் போய்க்கினு கீறன்.”

அலமாரியைத் திறந்து மார்க் ஷீட்டைத் தேடி எடுத்தேன். மூளை இல்லாதவள் என்று யாரை நினைத்தேனோ அவள் என்னைவிடக் கவனமாக இருந்திருக்கிறாள். கையெழுத்துப் போட நோட்டை நீட்டினேன். நிறுத்தி நிதானமாக இனிஷியலோடு போட்டாள். போட்டுவிட்டு, என் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அதன் முதுகுதான் அவள் பக்கம் இருந்தது.

“நீங்களே ஒரு தபா பாத்துச் சொல்லுங்க சார். எம் பேரு கீதா?”

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டேன். அவள் அழுவாள், அப்பனைக் கூட்டி வருவாள், முதலாளி என்னைப் பார்ப்பார். போன இடம் திரும்பி வரப்போவதில்லை. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் காரணங்கள் நொடியில் வந்து நின்றன. கோழைக்கு மட்டும் மூளை அத்தனை வேகமாக வேலை செய்யும்.

“இல்லம்மா” என்றேன்.

சரி சார் என்று தலையாட்டிவிட்டு, மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அந்தச் சைட் அவளிடம் மூன்று தடவை இல்லை என்று சொன்னபோது அதற்குப் பட்டியல் வந்து சேரவில்லை. நான் சொன்னபோது பட்டியல் என் கண் முன்னால் திறந்து கிடந்தது, அவள் பெயரில்தான் கர்சர் நின்றுகொண்டிருந்தது.